கேட்டில் தொங்கிய வெள்ளைத் துண்டு

நவம்பர் 28, வியாழன். மாலை 5.10.

முதலில் ஒரு திருத்தம். செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில், துண்டைக் கேட்டில் மாட்டிய நேரம் 2.40 என்று எழுதியிருக்கிறேன். தவறு. 2.25 என்று இருக்க வேண்டும். எதிர்வீட்டு நெரிடா கூப்பிட்டது 2.11 என்று போனில் பதிவாகியிருக்கிறது. அதற்குப் பிறகு செய்த வேலைகளை ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்துவிட்டேன். பதினைந்து நிமிடம் பிசகியிருக்கிறேன். சின்னப் பிசகுதான். ஆனால் 2.40க்கு நான் துண்டு மாட்டியிருக்க முடியாது. அப்போது நான் ஏற்கெனவே உள்ளே மாட்டிக்கொண்டிருந்தேன்.

இனி எழுதப்போவது நடந்தது. எனக்குக் கதை கட்டத் தெரியாது. மாலை வகுப்பில் நாட்குறிப்பு எழுதச் சொல்லித் தருகிறவர் என் பக்கங்களைப் படித்துவிட்டு, "டெஸ், இது டைரியா, பஸ் டைம்டேபிளா?" என்று கேட்டவர். நேரத்தை முதலில் எழுதுவேன், பிறகு பார்த்ததை. அவ்வளவுதான் எனக்கு வரும். புகையை அதிகம் சுவாசித்தால் இல்லாத சத்தமெல்லாம் கேட்கும் என்று டாக்டர் சொன்னார். இருக்கலாம். அந்த வாக்கியத்தை இரண்டு நாளாக எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். பாதி நேரம் நம்பவும் நம்புகிறேன்.

ஆனால் புகை போய் முடிச்சு அவிழ்க்காது.

சிட்னியை விட்டு இந்த மலைமுகட்டுக்கு வந்து ஆறு வாரம் ஆகிறது. அங்கே என் படுக்கையறைச் சுவரின் மறுபக்கம் ரயில். இங்கே இருபத்திரண்டு வீடு, ஒரே ஒரு சாலை, அதற்குப் பின்னால் யூகலிப்டஸ் காடு. சாலை முகட்டின் முதுகிலேயே ஓடி, என் வீட்டைத் தாண்டி ஒன்றரை கிலோமீட்டரில் ஒரு பாறையின் முன்னால் முடிந்துவிடும். வந்த வழியேதான் திரும்ப வேண்டும்.

வந்த முதல் நாளே எதிர்வீட்டு நெரிடா பாஸ்கோ பூசணி ஸ்கோன் ரொட்டியும் ஒரு தாளும் கொண்டுவந்தாள். அறுபது வயதுக்காரி. இந்தத் தெருவின் காவல்துறை, நீதிமன்றம், செய்தித்தாள் எல்லாம் அவள்தான். தாளில் பதினோரு வரி. தீ வரும் நாளில் வீட்டை விட்டுக் கிளம்பும் முறை.

"ஃப்ரிட்ஜ்ல ஒட்டு கண்ணு. ஸ்கோன் தின்னாம போனாக்கூட பரவால்ல, இதப் படிக்காம தூங்கக் கூடாது."

"பதினோராவது புரியலையே. கேட்ல வெள்ளைத் துண்டுன்னு போட்டிருக்கு."

"எல்லாரும் வண்டியில ஏறினப்புறம், கடைசியா, கேட்ல ஒரு வெள்ளைத் துண்ட கட்டணும். துண்டு தொங்குச்சுன்னா உள்ள யாரும் இல்லன்னு அர்த்தம். தீயணைப்பு வண்டி நிக்காது. துண்டு இல்லாத வீட்டுலதான் நின்னு தேடுவாங்க. அன்னைக்கு ஒவ்வொரு நிமிஷமும் தங்கம்."

நான் தலையாட்டினேன். ஒட்டினேன். ஒவ்வொரு ஞாயிறும் ஒத்திகை பார்த்தேன். தன்னார்வத் தீயணைப்புப் படையின் தலைவர் டாரில் அதைக் கேள்விப்பட்டு, மாதாந்திர பார்பிக்யூவில் எல்லார் முன்னாலும் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, ஞாயித்துக்கிழமை ஸ்டாப்வாட்ச் வச்சு வீட்ட சுத்தி ஓடுறியாமே. எங்க பயலுகளுக்கும் கொஞ்சம் சொல்லிக்குடு. சைரன் அடிச்சா தொத்திறைச்சிய முடிச்சிட்டுத்தான் எழுந்திரிக்கிறானுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு உள்ளூரப் பெருமை. பதினோரு வரியும் மனப்பாடம்.

செவ்வாய் அன்று பதினோராவதை ஒன்பதாவதற்கு முன்னால் செய்தேன்.

காலையிலிருந்தே மேற்கிலிருந்து சூடான காற்று. வேலைக்குப் போகவில்லை. 2.11க்கு நெரிடா கூப்பிட்டாள்.

"பள்ளத்தாக்குல பத்திக்கிச்சு. கிளம்பு. பல்லு வெளக்கிட்டு வரேன்னு சொல்லாத."

2.20க்கு அவளுடைய பிக்கப் வண்டி இரண்டு நாய்களோடு என் வீட்டைக் கடந்தது. ஹார்ன் அடித்தாள். இதோ வந்துவிட்டேன் என்று கை காட்டினேன்.

காரை வெளியே எடுத்து சாலையோரம் நிறுத்தினேன். போனை முன்சீட்டில் போட்டேன். கேட்டைச் சாத்தும்போது துண்டு தோளில் கிடந்தது. ஒரு வரிதான் பாக்கி என்று நினைவு, ஒன்பதாவது, பம்ப். வீட்டுக்கு அடியில் இருக்கும் அறையிலிருந்து பெட்ரோல் பம்பை வெளியே உருட்டி, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். வருகிற படையினர் பயன்படுத்திக்கொள்வார்கள். இரண்டு நிமிட வேலை. எப்படியும் கேட்டருகே நிற்கிறேனே, துண்டையும் இப்போதே கட்டிவிடலாம் என்று தோன்றியது.

துண்டைக் கட்டினேன். காற்று பலமாக இருந்ததால் இரட்டை முடிச்சு.

மணி 2.25.

எங்கள் வீடுகள் சரிவில் நிற்பவை. முன்பக்கம் தரையோடு, பின்பக்கம் தூண்மேல். என் வீட்டில் மட்டும் அடியில் ஒரு செங்கல் அறை. வீட்டைவிடப் பழையது. ஒரே கதவு, கனமான இரும்புத் தகடு அடித்தது. சாலைப் பக்கம், உள்ளே கண் உயரத்தில், வெளியே புல்தரையை ஒட்டி, விரல் நுழையும் அளவு துளைகள் கொண்ட ஒரு காற்றுக்கல். அவ்வளவுதான்.

உள்ளே போனேன். பல்பைப் போட்டேன். பம்பின் சக்கரம் சிக்கியிருந்தது. குனிந்து இழுத்தேன்.

காற்று அறைந்தது.

டமார்.

திரும்பிக் கைப்பிடியைத் திருகினேன். கைப்பிடி என் கையோடு வந்துவிட்டது.

மணி 2.31.

பதறவில்லை. முதலில் பதறவில்லை என்று சொல்ல வேண்டும். கைப்பிடியைத் திரும்பச் செருகினேன். சுற்றியது, பிடிக்கவில்லை. தோளால் இடித்தேன். ஸ்பேனரால் கீலைத் தட்டினேன். துரு உதிர்ந்தது. கதவு அசையவில்லை. 2.38க்கு பல்பு அணைந்தது. தெருவுக்கே மின்சாரம் போய்விட்டது என்று புரிந்தது.

பம்ப் என் காலருகே நின்றது. இந்த வீட்டையே காப்பாற்றக்கூடிய பம்ப். மூடிய அறையில் அதைக் கிளப்பினால் அதன் புகையே என்னைக் கொன்றுவிடும்.

காற்றுக்கல்லில் கண்ணை வைத்தேன். கொஞ்சம் புல்தரை. கேட். துண்டு. பதினைந்து மீட்டர் இருக்கும்.

அப்போதுதான் உறைத்தது. நான் இங்கே இல்லை என்று என் கையாலேயே எழுதி மாட்டியிருக்கிறேன்.

வானம் ஆரஞ்சு நிறமானது. பிறகு பழுப்பு. பட்டப்பகலில் யாரோ திரையை இழுத்துவிடுவதுபோல இருட்டிக்கொண்டு வந்தது.

3.05. எஞ்சின் சத்தம்.

தீயணைப்பு வண்டி. முன்விளக்கு புகையில் மஞ்சளாகத் தெரிந்தது. கத்தினேன். ஸ்பேனரால் கதவை அடித்தேன். வண்டி என் கேட்டருகே வேகம் குறைந்தது. சாலையோரம் நின்ற என் கார்மேல் ஒரு டார்ச் வெளிச்சம் விழுந்து, கேட்டுக்கு நகர்ந்து, துண்டின் மேல் நின்றது.

"டாரில்! டாரில்! உள்ள இருக்கேன்!"

காற்றின் சத்தத்தில் எனக்கே காது அடைத்தது.

வெளிச்சம் அணைந்தது. வண்டி போய்விட்டது.

சாலை முடியும் இடத்தை நோக்கிப் போகிறது. அங்கே நான்கு வீடு. பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். வேறு வழி கிடையாது. இன்னும் ஒரே ஒரு தடவை என் கேட்டைக் கடக்கும். அதற்குள் துண்டு அங்கிருந்து போயாக வேண்டும். காற்று பிய்த்துக்கொண்டு போகட்டும் என்று வேண்டினேன். துண்டு படபடவென்று அடித்துக்கொண்டது. முடிச்சு இளகவில்லை. நான் போட்ட முடிச்சு.

3.12. தலைக்கு மேலே காலடிச் சத்தம்.

சமையலறையில். பலகைத் தரை. ஒவ்வொரு அடியும் தெளிவாகக் கேட்டது.

அழுதுவிட்டேன். யாரோ இறங்கித் தேடுகிறார்கள்! ஸ்பேனரால் மேலே தட்டினேன். மூன்று தட்டு.

காலடி நின்றது.

பிறகு நடந்தது. அவசரமில்லாமல். சமையலறையிலிருந்து நடைவழி. நடைவழியிலிருந்து படுக்கையறை. ஜன்னல்கள் சாத்தப்படும் சத்தம். ஒன்று... இரண்டு... மூன்று...

என் படுக்கையறையில் ஒரே ஜன்னல்தான்.

3.16. தண்ணீர் ஓடும் சத்தம். குளியல் தொட்டி நிறைகிறது. அதன் குழாய் என் தலைக்குப் பக்கத்தில்தான் இறங்குகிறது. வீட்டிலேயே இருந்து தீயை எதிர்கொள்கிறவர்கள்தான் தொட்டியை நிரப்புவார்கள். கிளம்புகிறவர்கள் நிரப்ப மாட்டார்கள்.

மேலும் எங்கள் தண்ணீர் மோட்டாரில் வருவது. மின்சாரம் போய் அரைமணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது.

குழாயின் மேல் கை வைத்துப் பார்த்தேன். எந்த அதிர்வும் இல்லை. சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

"யாரு மேல? கீழ இருக்கேன்! கதவு மாட்டிக்கிச்சு!"

தண்ணீர் நின்றது.

மணி 3.20. பெண் குரல். வயதான குரல். மிகச் சாதாரணமாக, அடுப்படியில் பேசுவதுபோல.

"கீழ யாரோ கத்துற மாதிரி இருக்கு."

பதில் சொன்னது ஓர் ஆண்.

"கத்தட்டும். கொஞ்ச நேரந்தான்."

"வண்டிக்காரங்க வந்துட்டா?"

"துண்டு மாட்டியாச்சு. யாரும் வரமாட்டாங்க."

நான் இரண்டு கையாலும் என் வாயை மூடிக்கொண்டேன்.

இவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது. இருபத்திரண்டு வீட்டுக் குரலும் எனக்குத் தெரியும். இவை அவற்றில் இல்லை.

3.24. காலடி வெளியே வந்தது. பக்கவாட்டுப் படி. பன்னிரண்டு படி இருக்கிறது. எண்ணினேன்.

பத்து... பதினொன்று... பன்னிரண்டு.

கதவுக்கு வெளியே நின்றது.

கதவின் அடியில் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. அதை இரண்டு நிழல் மறைத்தது. இரண்டு பாதம்.

தட்டவில்லை. பேசவில்லை.

இரும்பின்மேல் இரும்பு உரசும் சத்தம்... நிதானமாக...

டக்.

தாழ்ப்பாள்.

காலடி படியேறிப் போனது.

3.31. அறைக்குள் முழு இருட்டு. கைக்கடிகாரத்தின் பச்சை முள் மட்டும் தெரிந்தது. புகை உள்ளே வரத் தொடங்கியது. சட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். சுவரில் முதுகு. மூச்சை எண்ணினேன். உள்ளே நாலு, வெளியே நாலு.

ஏதோ சரியில்லை.

நான் வெளியே விடும்போது இன்னொன்று உள்ளே இழுத்தது.

சுவரில் என் மூச்சு எதிரொலிக்கிறது என்று நினைத்தேன். சோதித்துப் பார்க்க மூச்சை அடக்கினேன். பத்து வரை எண்ணுவது என்று முடிவு.

ஒன்று. இரண்டு. மூன்று.

உள்ளே... வெளியே...

நாலு. ஐந்து.

உள்ளே... வெளியே...

எனக்கு இடப்பக்கம். கை நீட்டினால் எட்டும் தூரம்.

நான் கை நீட்டவில்லை.

3.34.

"வண்டி திரும்பி வருமா?"

இளம்பெண் குரல். கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போன குரல்.

ஏன் பதில் சொன்னேன் என்று தெரியவில்லை. வாய் தானாகச் சொன்னது.

"வரும். ஒரே ஒரு தடவை."

அந்த மூச்சு நின்றது.

நான் அசையவில்லை. எவ்வளவு நேரம் என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. இரண்டு நிமிடம் என்று எழுதியிருக்கிறேன். குறைவாகவும் இருக்கலாம். இடப்பக்கம் யாரும் இல்லை என்று எப்படியோ தெரிந்தது.

எழுந்து காற்றுக்கல்லில் கண் வைத்தேன். வெளியே தீயின் சிவப்பு வெளிச்சம். 3.37.

கேட்டில் ஒருத்தி நின்றாள்.

முதுகு இந்தப் பக்கம். மெல்லிய உடுப்பு. தோள்வரை கூந்தல். சாம்பலும் இலையும் தீப்பொறியும் அவளைக் கடந்து கிடைமட்டமாகப் பறந்தன. மரங்கள் வளைந்து நிமிர்ந்தன.

அவள் கூந்தலில் ஓர் இழைகூட அசையவில்லை.

முடிச்சோடு போராடிக்கொண்டிருந்தாள். முதல் முடிச்சு... விரல் வழுக்கியது. மறுபடி. மறுபடி.

மேலே சமையலறையில் நாற்காலி நகர்ந்தது. காலடி வேகமாக வாசலுக்கு ஓடியது. இப்போது நிதானமில்லை. இரண்டு ஜோடிக் கால்கள்.

"சீக்கிரம்..." என்றேன். யாரிடம் சொன்னேன்?

இரண்டாவது முடிச்சு.

முன்கதவு திறந்தது.

துண்டு அவிழ்ந்தது.

அவள் திரும்பினாள். புகை குறுக்கே வந்தது. முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தேன் என்று சொன்னால் அது பொய்.

புகை விலகியபோது கேட்டில் யாரும் இல்லை. துண்டும் இல்லை.

3.41க்கு அந்த உறுமல் தொடங்கியது. ரயில் சத்தம். சிட்னியில் என் சுவருக்குப் பின்னால் ஓடிய ரயில் ஆயிரம் சேர்ந்து வருவதுபோல. செங்கல் சூடானது. தரையில் முகத்தை வைத்துப் படுத்துக்கொண்டேன்.

மேலே எந்தச் சத்தமும் இல்லை.

3.58. கதவு திறந்தது.

"அடப்பாவி... ஏய், இங்க இருக்காடா! தண்ணி எடுத்துட்டு வா!"

டாரில். முகமெல்லாம் கரி. என்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். வண்டியில் எறிந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். ஈரப் போர்வை. தீ முகட்டின் மறுசரிவில் இறங்கிக்கொண்டிருந்தது. காற்று கடைசி நேரத்தில் திசை மாறியதால் எங்கள் பக்கம் தப்பித்ததாம்.

வண்டி நகர்ந்த பிறகுதான் பேச்சு வந்தது.

"எப்படி நின்னீங்க?"

"எப்படின்னா? கேட்ல துண்டு இல்ல. போறப்போ இருந்துச்சு. நான்தான் டார்ச் அடிச்சுப் பாத்தேன். கார் நின்னாலும், நீ நெரிடா வண்டியில போயிட்டேன்னு நெனச்சேன். வர்றப்போ இல்ல. காத்துல போயிருக்கும், போலாம் போலாம்னு இவனுங்க கத்துறானுங்க. ஒரு நிமிஷம் பாத்துட்டு வரேன்னு இறங்கினேன்."

"தாழ்ப்பாள் போட்டிருந்துதா?"

"என்ன தாழ்ப்பாள்?"

"கதவுல. வெளிய."

அவர் என்னைப் பார்த்தார்.

"அந்தக் கதவுல தாழ்ப்பாளே இல்லம்மா. இழுத்தேன், தொறந்துச்சு."

நேற்று மதியம் சாலையைத் திறந்தார்கள். நெரிடா என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிவந்தாள். எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து என் வீடு தெரிகிறது. கண்ணாடிகூட உடையவில்லை. நேற்று மாலை நெரிடாவோடு போய்ப் பார்த்தேன். குளியல் தொட்டி காய்ந்து கிடந்தது. என் கட்டில்மேல் ஒரே ஒரு ஜன்னல், நான் விட்டபடியே சாத்தியிருந்தது. இரும்புக் கதவின் வெளிப்பக்கம் நான்கு பழைய திருகாணித் துளைகள் இருந்தன. துரு படிந்து, சிலந்தி கூடு கட்டியவை. துண்டைத் தேடினேன். கிடைக்கவில்லை.

இன்று காலை 10.20க்கு டாரில் நெரிடாவின் சமையலறைக்கு வந்தார். கையில் எண்ணெய்த்துணி அட்டை போட்ட பழைய நோட்டு. உட்காரவில்லை.

"நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?" என்று நெரிடாவைக் கேட்டார்.

நெரிடா டீயைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். சர்க்கரையே போடவில்லை.

"வந்த அன்னைக்கே சொல்லியிருக்கணும்" என்றாள். "சொன்னா நீ அந்த வீட்டுக்கு வருவியா கண்ணு? பத்து மாசம் பூட்டிக் கெடந்துச்சு. தெருவுல ஒரு சின்ன வயசு முகம் வேணும்னு எனக்கு ஆசை. என்னைத் திட்டு. திட்டிடு."

"என்னன்னு சொல்லுங்க. அப்புறம் திட்டுறேன்."

நாற்பத்தொரு வருடத்துக்கு முன்னால் ஒரு தீ. அப்போது நெரிடாவுக்குப் பத்தொன்பது வயது. என் வீடு இருக்கும் மனையில் வேறொரு வீடு இருந்தது. வயதான கணவனும் மனைவியும். எவ்வளவு சொன்னாலும் கிளம்ப மாட்டோம் என்றவர்கள். முந்தின தீயில் போலீஸ் அவர்களைக் கையைப் பிடித்து இழுத்துப் போயிருந்தது. அந்த அவமானத்தை அவர்கள் மறக்கவில்லை. இந்த முறை அவர்களே கேட்டில் துண்டைக் கட்டிவிட்டு உள்ளே உட்கார்ந்துகொண்டார்கள்.

"எங்கப்பாதான் அப்போ படைத் தலைவர்" என்றார் டாரில். "துண்டப் பாத்தாரு. நிக்கல. திரும்பி வர்றப்பவும் நிக்கல. அதுக்கப்புறம் சாகுற வரைக்கும் சொல்லிட்டே இருந்தாரு, துண்டு இருந்தாலும் இறங்கிப் பாருடான்னு. நாங்கதான் நேரமில்லன்னு விட்டுட்டோம்."

"ரெண்டு பேரும் மேல இருந்தாங்களா?" என்று கேட்டேன்.

"மேல. குளியல் தொட்டில." நெரிடா இன்னும் கலக்கிக்கொண்டிருந்தாள். "வீடு முழுசாப் போச்சு. கீழ இருந்த செங்கல் ரூம் மட்டும் நின்னுச்சு. அது மேலதான் புதுசு கட்டினாங்க."

வெளியே யாரோ ரம்பத்தால் மரம் அறுக்கும் சத்தம்.

"அந்த ரூம்ல?" என்றேன்.

டாரில் நோட்டைத் திறந்து என் முன்னால் வைத்தார். பென்சில் எழுத்து. அவருடைய அப்பாவின் கையெழுத்து. அதை அப்படியே எழுதுகிறேன்.

*கீழறையில் மூன்றாவது ஆள். பெண். வயது இருபதுக்குள். தீ படவில்லை, புகை. கதவு வெளியே தாழிட்டிருந்தது. தாழ்ப்பாளை நானே கழற்றினேன். பெயர் தெரியவில்லை.*

"வாடகைக்குத் தங்கியிருந்த பொண்ணு" என்றார் டாரில். "சிட்னிலேர்ந்து வந்தவ. அவள வெளிய விட்டா, உள்ள ரெண்டு பேர் இருக்காங்கன்னு சொல்லிடுவாள்ல."

"பேர் எப்படித் தெரியாமப் போச்சு?"

கேள்வி டாரிலிடம்தான். பதில் நெரிடாவிடமிருந்து வந்தது. ஸ்பூனைக் கீழே வைத்தாள்.

"வந்து மூணு வாரந்தான் ஆச்சு. தினம் எங்க வீட்டு முன்னாடி நடந்து போவா. பாத்தா சிரிப்பா." அவள் முகம் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது. "ஒருத்தரும் கேக்கல கண்ணு. நானும் கேக்கல."

இதற்கு மேல் எழுத என்னிடம் எதுவும் இல்லை. புகையாக இருக்கலாம். 3.34க்குக் கேட்ட குரல், 3.37க்குப் பார்த்த உருவம், எல்லாம் மூளைக்குக் காற்று போதாமல் வந்தவையாக இருக்கலாம். நேரங்களை மூன்று முறை சரிபார்த்துவிட்டேன். வேறு பிசகு கண்ணில் படவில்லை.

நான் அவளிடம் பெயர் கேட்கவில்லை. அதையும் எழுதிவைக்கிறேன்.

நாளை வெள்ளி. காலை எட்டு மணிக்கு டாரில் வருகிறார். கீல் துருப்பிடித்திருப்பதால் வெட்டும் இயந்திரம் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். கீழறையின் இரும்புக் கதவைக் கழற்றி எடுக்க வேண்டும்.